முதல் படத்தைப் பத்திரப்படுத்துங்கள்

அரியலூர் மாவட்டம் திருமழபாடியில் கொள்ளிடக் கரையோர வயல்களில் நாற்று நடும் பெண்கள் விரல் வலியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சேற்றிலேயே நின்றோம், அதனால்தான் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் இரு கை விரல்களும் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, அது வாரக்கணக்கில் நீடித்தால், சரவாங்கி எனும் முடக்குவாதமாக இருக்கலாம். நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிறது. டெல்லியை ஒட்டிய கிராமங்களில் நடந்து, 1993-ல் வெளியான மாளவியா குழுவின் ஆய்வில் பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது.

வலி ஊசி போட்டால் வலி அடங்கிவிடும். மூட்டு அரிப்பு அதனால் நிற்பதில்லை. வீங்கிய சவ்வு, குருத்தெலும்பு மூடாத ஓரத்தில் எலும்பைக் குடைகிறது. எக்ஸ்ரேயில் அது எலி கொறித்த விளிம்புபோலத் தெரியும். குருத்தெலும்பு தேயத் தேய இரு எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் சுருங்கும். இவ்விரண்டையும் மூட்டு மூட்டாகப் பார்த்து மதிப்பெண் போடும் முறையை ஜான் ஷார்ப் 1971-ல் வகுத்தார். நெதர்லாந்தின் தெசிரே வான் டெர் ஹெய்டே அதில் பாதங்களையும் சேர்த்தார். அரிப்புக்கு 280, இடைவெளிச் சுருக்கத்துக்கு 168, ஆக மொத்தம் 448. புதிய மருந்துகள் மூட்டைக் காக்கின்றனவா என்று உலகெங்கும் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறார்கள்.

பாதத்தைச் சேர்த்தது மிக முக்கியம். முதல் அரிப்பு பல நேரங்களில் கால் சுண்டுவிரலின் அடிமூட்டில்தான் தெரியும். மருத்துவர் விரலால் அழுத்தி எண்ணும் 28 மூட்டுகளில் பாத மூட்டுகளே கிடையாது. நம் ஊரிலோ முட்டியை மட்டும் படமெடுத்து, தேய்மானம் என்று சொல்லி அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

எக்ஸ்ரே காட்டுவது ஏற்கெனவே நடந்துவிட்ட சேதத்தை. பவர் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் சவ்வுக்குள் பாயும் ரத்தம் சிவப்பாக ஒளிர்வது தெரியும். எம்ஆர்ஐ எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைக் காட்டும், அங்கேதான் பின்னாளில் அரிப்பு வர வாய்ப்பு அதிகம். அப்படியானால் மாதாமாதம் ஸ்கேன் எடுத்து மருந்தைக் கூட்டினால் நல்லதுதானே? நார்வேயில் ஆரம்ப நிலை நோயாளிகள் 230 பேரிடம் அல்ட்ராசவுண்டை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. டென்மார்க்கில் நோய் அடங்கியிருந்த 200 பேரிடம் எம்ஆர்ஐ வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. மூட்டைக் கையால் பரிசோதித்து, இலக்கு வைத்து விடாமல் மருந்தைச் சரிசெய்தவர்களைவிட ஸ்கேன் குழு பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. டென்மார்க்கில் கடும் பக்கவிளைவுகளும் ஸ்கேன் குழுவில்தான் அதிகம்: 17 சதவீதம், மற்றவர்களில் 6.

சிறிய ஊர்களுக்கு இது பெரிய ஆறுதல். நோய் தெரிந்ததும் இரு கைகளுக்கும் இரு பாதங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே. பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி. சந்தேகம் வந்தால் மட்டும் ஸ்கேன். அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. திருமானூர் வழியாகப் போனால் தஞ்சாவூரும் தூரமில்லை.

இந்நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். கேட்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. அது வாரத்தில் ஒரே நாள் சாப்பிட வேண்டியது, தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதல் எக்ஸ்ரே படத்தின் உறைமேல் தேதியை எழுதி, மடிக்காமல், வெயில் படாமல் வையுங்கள். செல்போனில் எடுத்த நிழற்படம் போதாது. மயிரிழை அரிப்பு அதில் தெரியாது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பழைய படம், புதிய படம் இரண்டையும் எடுத்துப்போய், அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.