ஆடும் கணக்கும்

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுகிறவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லியே திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார் உண்டு. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பை விலக்கிவிட்டது. நாக்கோ இன்னும் பிரம்பின் வேலையைச் செய்து வருகிறது.

திண்டுக்கல் ஜில்லாவில் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிப் பூமி. மழையை நம்பிப் பயிரிடுவதும் ஆடு மாடு வளர்ப்பதும் அங்கே பலருக்கு ஜீவனம். அத்தகைய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கணக்கில் தவறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்கிறார் உபாத்தியாயர். வகுப்பு சிரிக்கிறது. ஒரே வார்த்தையில் மகனோடு தகப்பனும் அவமானப்பட்டாயிற்று. மறுநாள் பையன் பள்ளிக்கு வராவிட்டால் குற்றம் யாருடையது?

அதே ஆட்டை வேறு விதமாகவும் ஓட்டலாம். பையனைத் தனியே அழைத்து, "அந்தி நேரத்தில் நாற்பது ஆட்டில் ஒன்று குறைந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்து விடுகிறாயே! இந்தக் கணக்கிலும் ஒன்று புதருக்குள் ஒளிந்திருக்கிறது. பிடித்து வா, பார்க்கலாம்" என்று சொல்லட்டும். பையன் சிரிப்பான். சிரித்த வாய் பேசவும் தொடங்கும். எந்த இடத்தில் தடுமாறினான் என்பதை அவனே சொல்லிவிடுவான்.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்கிட்ட தொல்காப்பியனார், எள்ளலையும் இளமையையும் தனித்தனியே வைத்தார். முதலில் சொன்ன உபாத்தியாயர் எள்ளி நகைத்தார். இரண்டாமவர் பிள்ளையின் இளமையோடு சேர்ந்து நகைத்தார். மேற்படி சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கிறது. வக்கீல் தொழில் பழகிய நாம் சொல்லுகிறோம்: எள்ளல் அந்தப் பிரிவுக்குள் வராது என்று வாதாடுவது எளிதன்று.

பிள்ளைகளோடு விளையாட்டாகப் பேசினால் மரியாதை போய்விடும் என்று அஞ்சுவோருக்கு மற்றொரு வக்கீலைக் காட்டுவோம். கூர்ஜரத்து ஸ்ரீ கிஜுபாய் பதேகா வக்கீல் தொழிலை விட்டு, 1920இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கென்று பால மந்திரம் அமைத்தார். அவருடைய 'திவாஸ்வப்ன'த்தில் வரும் உபாத்தியாயர் முதல் நாள் மௌன விளையாட்டு நடத்தப் போய்க் கூச்சலில் தோற்கிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்கியதும் வகுப்பு வசப்படுகிறது. கிஜுபாயை ஜனங்கள் 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள். இதனால் அவர் மரியாதை குறைந்ததா? (நமக்கும் மீசை உண்டு; அப்பட்டம்தான் இன்னும் கிட்டவில்லை.)

எல்லாவற்றுக்கும் வேடிக்கை மருந்தாகாது. பையன் தன்னை ஒருவர் அடிக்கிறார் என்றோ, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றோ சொன்னால், உபாத்தியாயர் அந்த க்ஷணமே விளையாட்டை நிறுத்தி முழுதும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்வி இலாகாவின் உதவி எண் 14417. குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. இவ்விரண்டையும் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும், பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வைப்பார்களாக.