கிறீச்சிடும் பிரேக் சொல்வது என்ன?

சென்ற கோடையில், என் காரை நிறுத்தும்போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து ஒரு கிறீச்சொலி எழுந்தது. புழுதியாக இருக்கும் என்று மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன். குடும்பத்துடன் கொடைக்கானலுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள்தான் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். மெக்கானிக் பிரேக் பேடைக் கழற்றிக் காட்டினார். "பாருங்க சார், காசு கனம்கூட இல்லே. இதை வெச்சுக்கிட்டா மலை இறங்கப் போறீங்க?" என்றார். பௌதிகம் கற்பிக்கும் நான் அன்று மாணவனானேன்!

பிரேக்கின் வேலை என்ன? ஓடும் காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே. 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸ் உயர்த்த இது போதும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்த ஆற்றலின் பெரும்பகுதி, சக்கரத்துடன் சுழலும் டிஸ்க் என்னும் இரும்புத் தட்டிலும், அதை இருபுறமும் கவ்வும் பேடுகளிலும் வெப்பமாகிறது. ஆகவே பேடு தேய்வது இயல்பே. தேய்ந்ததை அறியாமல் இருப்பதுதான் ஆபத்து.

புதிய பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டராகக் குறைந்ததும் மாற்றிவிடுவது நல்லது. பல பேடுகளில் ஒரு சிறு எஃகுத் தகடு உண்டு. பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். இதுவே முதல் எச்சரிக்கை. இதைப் புறக்கணித்தால் பேடின் எஃகு முதுகே டிஸ்க்கை 'கரகர'வென்று அறுக்கத் தொடங்கும். அப்போது பேடுடன் டிஸ்க்கையும் மாற்ற நேரிடும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. பேடு தேயத் தேய, பிரேக் ஆயிலின் மட்டம் தொட்டியில் இறங்கும். கசிவினாலும் இறங்கலாம். எனவே ஆயிலை ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. காரணத்தைக் காண வேண்டும். மிதி பஞ்சுபோல் அமுங்கினால், குழாயில் காற்றோ ஆவியோ புகுந்திருக்கலாம். திரவம் எளிதில் அமுங்காது, வாயு அமுங்கும். அதனால் காலின் அழுத்தம் சக்கரத்தை முழுமையாகச் சென்றடையாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சினால் அதன் கொதிநிலை குறையும். மலைச்சரிவின் வெப்பத்தில் கொதித்து ஆவியாகலாம். ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுவதும், சரிவில் தாழ்ந்த கியரில் இறங்குவதும் இதற்காகவே.

பிரேக்கை வீட்டில் நாமே பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஓசையைக் கேட்ட அன்றே தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுவோம். மறுநாள் நாங்கள் கொடைக்கானலுக்குப் புறப்படவில்லை. புதிய பேடுகளுடன் அடுத்த வாரம் சென்று, நலமாகத் திரும்பினோம்.