பெயர் கேட்கும் மண்டபங்கள்: முன்பதிவுத் தளங்களும் தீண்டாமைச் சட்டமும்

திருமண மண்டபத்தையோ கூட்ட அரங்கையோ தேடி அலைந்த காலம் மாறி, கைப்பேசியிலேயே இடம் பார்க்கும் காலம் வந்துவிட்டது. அமெரிக்காவின் பியர்ஸ்பேஸ், இந்தியாவில் 2018இல் ஓயோ வாங்கிய வெட்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தச் சந்தையில் உருவானவை. இடம் வேண்டுவோரையும் இடம் வைத்திருப்போரையும் இணைப்பதே இத்தகைய தளங்களின் தொழில்.

இவை இரண்டு வகையாக இயங்குகின்றன. முதல் வகையில், தேதி காலியாக இருந்தால் பணம் செலுத்தியதும் இடம் உறுதியாகிவிடும். இரண்டாம் வகையில், பெயர், தொலைபேசி எண், நிகழ்ச்சியின் தன்மை ஆகியவை உரிமையாளருக்கு அனுப்பப்படும். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். சாதி நுழைவது இந்த இரண்டாம் வழியில்தான். "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? யார் வீட்டு விசேஷம்?" என்ற கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதை நாம் அறிவோம். அதன்பின் வரும் பதில் பெரும்பாலும் "அன்று தேதி இல்லை" என்பதே. முகத்துக்கு நேரே மறுத்தால் சாட்சி இருக்கும். பதிலே வராத விண்ணப்பத்துக்கு யார் சாட்சி?

இது வெறும் ஐயம் அன்று. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி தளத்தில் ஐந்து அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ 6,400 வீட்டு உரிமையாளர்களுக்கு விண்ணப்பம் அனுப்பினர். பெயரைத் தவிர எல்லாம் ஒன்றே. கறுப்பினத்தவருக்குரிய பெயர்களைத் தாங்கிய விண்ணப்பங்கள் ஏற்கப்படும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவாக இருந்தது. 2017இல் ஆய்வு வெளியானது. அடுத்த ஆண்டே, முன்பதிவை ஏற்ற பிறகே விருந்தினரின் படம் உரிமையாளருக்குத் தெரியும்படி அந்நிறுவனம் தன் விதியை மாற்றியது. பாகுபாடு தளத்தின் வடிவமைப்பிலேயே இடம்பெறக்கூடும், வடிவமைப்பை மாற்றி அதைக் குறைக்க முயலவும் இயலும் என்பதே இதன் பாடம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? கடைகள், உணவகங்கள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) உறுப்பு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், 'கடை' என்ற சொல் சேவை வழங்குவோரையும் உள்ளடக்கிய விரிந்த பொருளுடையது என அம்பேத்கர் விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விரிந்த பொருளையே ஏற்றது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, வாடிக்கையாளருக்குச் சேவை வழங்கும் எந்த இடத்தையும் 'கடை' என்றே வரையறுக்கிறது. தீண்டாமையின் பெயரால் சேவை மறுப்பது அதன் 6ஆம் பிரிவின்கீழ் குற்றம். 14ஆம் பிரிவு நிறுவனங்களையும் பொறுப்பாக்குகிறது.

இவை அனைத்தையும்விட முதன்மையானது 12ஆம் பிரிவு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக அச்சட்டத்தின்கீழ் குற்றமாகும் செயல் நிகழ்ந்தால், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும் வரை, அது தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என நீதிமன்றம் கொள்ள வேண்டும். மறுத்ததை நாம் நிறுவினால் போதும். மறுத்தவரின் மனத்தில் இருந்ததை நாம் நிறுவ வேண்டியதில்லை.

"நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று தளங்கள் விலகிக்கொள்ளலாம். ஆனால் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கின்றன. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

எனவே சான்றைச் சேர்ப்பதே முதல் வேலை. விண்ணப்பம், மறுமொழி, தேதி காலியாகக் காட்டும் பக்கம் ஆகியவற்றைத் திரைப்பதிவு செய்யுங்கள். அதே தேதிக்கு வேறு பெயரில் நண்பர் ஒருவரை விசாரிக்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டுச் சந்தையில் சாதிப் பாகுபாட்டைச் சுகதேவ் தோரட்டும் அவர் குழுவினரும் வெளிக்கொணர்ந்தது இத்தகைய இணைச் சோதனை வழியாகவே. கல்லூரி மாணவர் குழுக்கள் இதைத் தத்தம் நகரங்களில் செய்ய இயலும்.

தளங்களிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று: இடம் உறுதியாகும் வரை பெயரை மறைக்க வேண்டும், மறுப்புக்கு எழுத்துவடிவில் காரணம் பெற வேண்டும், பாகுபாடு காட்டும் மண்டபத்தைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். வாடகை கொடுக்க முன்வருபவரிடம் சாதியைத் தேடும் உரிமை எந்த மண்டபத்துக்கும் இல்லை.