சுரங்கக் கூரையில் காலடித் தடம்

அது ஒரு நிலக்கரிச் சுரங்கம். மலையைக் குடைந்து அமைத்தது. தலையில் விளக்குக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். பல இடங்களில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது.

அங்கே குனிந்தபடி மேலே பார்த்தால் ஒரு பாதம் தெரிந்தது. பெரிய மிருகத்தின் பாதம். விரல்கள் தெளிவாக இருந்தன. கூரையிலிருந்து கல்லாகப் புடைத்து நின்றது.

கூரையில் எந்த மிருகம் நடக்கும்? தலைகீழாக நடக்க முடியுமா?

இதற்கு விடை சொன்னவர்களில் ஒருவர் முனைவர் பட்டத்துக்காகப் பாறைகளை ஆராய்ந்தவர். அந்த விடையைத் தெரிந்துகொள்ளும் முன், அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மரம் இல்லாத நாடு

உலக உருண்டையின் உச்சியில் இருப்பது வடதுருவம். அதற்கு அருகில் ஸ்வால்பார்டு என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. நார்வே நாட்டைச் சேர்ந்தது. நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடியிருக்கின்றன. பனியாறு என்றால், இறுகிய பனிக்கட்டி மலையிலிருந்து மெதுவாக நகர்ந்து இறங்குவது.

அங்கே உள்ள பெரிய ஊர் லாங்யியர்பியன். ஜூலை மாதம்தான் அங்கே நல்ல கோடை. அப்போதும் சராசரி வெப்பம் 7 டிகிரி அளவுதான். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி எழும். ஏப்ரல் 20 முதல் ஆகஸ்டு 23 வரை சூரியன் மறைவதே இல்லை. நடு இரவிலும் வெயில் அடிக்கும்.

அந்த நாட்டில் நிழல் தரும் மரம் ஒன்றுகூட இல்லை. வில்லோ என்று ஒரு செடி உண்டு. அதுவும் விரல் உயரத்துக்கு மேல் வளராமல் தரையோடு படர்ந்து கிடக்கும்.

ஆனால் நிலக்கரி இருக்கிறது. நிலக்கரி எதிலிருந்து வருகிறது? மரமும் செடியும் சதுப்பில் விழுந்து, மட்கி, மண்ணுக்கு அடியில் அழுந்திக் கிடந்து கரியாகின்றன. மரமே இல்லாத நாட்டில் கரி எப்படி வந்தது? ஆராய்ச்சி தொடங்குவது இப்படிப்பட்ட கேள்வியில்தான்.

ஒரு கண்ணாடித் தம்ளர் போதும்

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒரு பிடி மண்ணைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். பிறகு அசைக்காமல் வையுங்கள்.

முதலில் சிறு கற்கள் அடியில் விழும். அடுத்து மணல் விழும். களிமண் உடனே இறங்காது. தண்ணீர் நெடுநேரம் கலங்கியே இருக்கும். அசையாமல் விட்டால்தான் களிமண் மெல்ல மெல்லக் கீழே படியும்.

ஆறும் கடலும் செய்வது இதைத்தான். வேகமாக ஓடும் தண்ணீர் கூழாங்கல்லையும் உருட்டிக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் மணலைப் போட்டுவிடும். தண்ணீர் அடங்கிய இடத்தில் களிமண் படியும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகள் சேரும். பல லட்சம் ஆண்டுகளில் மேலே உள்ள பாரம் அழுத்தும். அடியில் இருக்கும் மணல் இறுகி மணற்பாறை ஆகும். களிமண் இறுகிக் களிப்பாறை ஆகும். இப்படி உண்டானவற்றைப் படிவுப் பாறை என்கிறார்கள்.

அடுக்கில் எது கீழே இருக்கிறதோ அது பழையது. மேலே இருப்பது புதியது. மலை புரண்டு போகாத வரையில் இந்தக் கணக்கு தப்பாது.

கல்லைப் படிக்கும் மாணவர்

முனைவர் பட்டம் என்பது பல்கலைக்கழகம் தரும் மிக உயர்ந்த பட்டம். புத்தகத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினால் அது கிடைக்காது. இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அறிஞர்கள் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

லாங்யியர்பியனில் 1993இல் ஒரு பல்கலைக்கழக மையம் தொடங்கினார்கள். அங்கே சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் கற்பது பாறையைப் பற்றி அல்ல. துப்பாக்கி பிடிக்கக் கற்கிறார்கள். ஊரை விட்டு வெளியே போனால் பனிக்கரடி வரலாம். அது மனிதனையும் தாக்கும். சுடுவதற்காக இல்லை, முடிந்தவரை விரட்டுவதற்காகத்தான் இந்தப் பயிற்சி. வெளிச்ச வெடி கொளுத்தி விரட்டப் பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால்தான் துப்பாக்கி.

கோடையில் படகில் போய் இறங்குவார்கள். கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கூடாரத்தைச் சுற்றிக் கம்பி கட்டுவார்கள். கரடியின் கால் கம்பியில் பட்டால் வெடி வெடிக்கும். அப்படியும் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்துக் காவல் இருப்பது உண்டு.

வேலை என்ன? மலைச்சரிவில் அடியிலிருந்து ஏறுவார்கள். ஒவ்வொரு அடுக்கையும் அளப்பார்கள். இது எத்தனை சென்டிமீட்டர்? மணலா, களியா? மணல் என்றால் பருமணலா, நுண்மணலா? லென்ஸ் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். பக்கத்திலேயே படமும் போடுவார்கள். சுத்தியலால் ஒரு துண்டு உடைத்து, எண் எழுதி, பையில் போடுவார்கள். நாள் முழுக்க இதே வேலை. விரல் விறைத்துப்போகும். பென்சில் பிடிக்க வராது. பார்ப்பவருக்கு இது ஒரு வேலையா என்று தோன்றும். கொத்தனார் சுவரை அளப்பதைவிடப் பொறுமை வேண்டிய வேலை இது.

ஆற்று மணலில் அலை அலையாகக் கோடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கோடுகள் கல்லிலும் இருக்கும். எந்தப் பக்கம் செங்குத்தாகச் சரிகிறதோ அந்தப் பக்கம் ஆறு ஓடியது என்று அர்த்தம். தண்ணீர் வற்றி 6 கோடி ஆண்டுகள் ஆனாலும் அது ஓடிய திசையைச் சொல்லிவிடலாம்.

ஊர் திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. கல்லை அறுத்துத் தேய்ப்பார்கள். கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக்குவார்கள். நுண்நோக்கியில் வைத்து, இந்த மணல் எந்த மலை உடைந்து வந்தது என்று தேடுவார்கள்.

கடல் ஏறி வந்த கதை

லாங்யியர்பியனைச் சுற்றியுள்ள மலைகளை இப்படி அளந்தபோது ஒரு வரிசை தெரிந்தது. அடியில் நிலக்கரி. அதன்மேல் மணற்பாறை. அந்த மணலில் கடல் உயிர்கள் குடைந்த வளைகள். அதற்கும் மேலே கனத்த களிப்பாறை.

இதை இப்படிப் படிக்க வேண்டும். முதலில் அங்கே சதுப்புக் காடு இருந்தது. பிறகு அந்த இடம் கடற்கரை ஆனது. பிறகு ஆழமான, அமைதியான கடலின் அடித்தளம் ஆனது. நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது, கடல் ஏறி வந்தது. பின்னால் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி அந்தக் கடலையும் தூர்த்துவிட்டன. மேல் அடுக்குகளில் அகன்ற இலைகளின் அச்சு கல்லில் பதிந்திருக்கிறது. நரம்புகூடத் தெரியும்.

அப்போதும் அந்த நிலம் வடக்கே வெகு தூரத்தில்தான் இருந்தது. குளிர்காலத்தில் இருள்தான். ஆனால் உலகமே அன்று இன்றைவிடச் சூடாக இருந்தது. அதனால் அங்கே மரங்கள் வளர்ந்தன. இருண்ட மாதங்களில் இலை உதிர்த்து நின்றன. வெளிச்சம் வந்ததும் மறுபடி துளிர்த்தன.

இப்போது அந்தக் காலடித் தடத்துக்கு வருவோம்.

சதுப்பு நிலத்தில் ஒரு மிருகம் நடந்தது. வயல் சேற்றில் மாடு நடந்தால் எப்படிக் குழி விழுமோ அப்படிக் குழி விழுந்தது. பிறகு மணல் வந்து அந்தக் குழியை நிரப்பியது. கீழே இருந்த சதுப்பு கரியானது. மேலே இருந்த மணல் பாறையானது. 6 கோடி ஆண்டு கழித்துத் தொழிலாளிகள் வந்தார்கள். கரியை வெட்டி எடுத்தார்கள். கரி போனதும் மணற்பாறை கூரையாக நின்றது. குழியில் இறங்கி இறுகிய மணல், பாதத்தின் வடிவில் கூரையிலிருந்து புடைத்து நின்றது.

மிருகம் தலைகீழாக நடக்கவில்லை. நாம்தான் அது நடந்த தரைக்கு அடியில் நிற்கிறோம்!

அது டைட்டனாய்டிஸ் என்ற தாவர உண்ணி என்று கணித்தார்கள். கரடி போன்ற கனத்த உடம்பு கொண்டது. அந்த இனம் எப்போதோ அழிந்துவிட்டது. அதன் எலும்புகள் வட அமெரிக்காவில் கிடைத்திருக்கின்றன. ஸ்வால்பார்டில் கிடைத்தது தடம் மட்டும்தான். பாதத்தின் அளவும் அமைப்பும் அந்த எலும்புகளோடு ஒத்துப்போனதை வைத்துச் சொன்னார்கள். 2010இல் இதை அறிவியல் ஏட்டில் வெளியிட்டார்கள். அவ்வளவு வடக்கே, அவ்வளவு பழைய காலத்தில், பெரிய மிருகங்கள் வாழ்ந்தன என்பதற்குக் கல்லில் கிடைத்த சாட்சி இது.

அங்கே நம் நாடும் உண்டு

1920இல் ஸ்வால்பார்டு பற்றி ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்ட நாடுகளில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது. 2007இல் இந்திய விஞ்ஞானிகள் முதல் முறையாக அங்கே ஆராய்ச்சிக்குப் போனார்கள். 2008 ஜூலை 1 அன்று 'ஹிமாத்ரி' என்ற இந்திய நிலையம் திறக்கப்பட்டது. பனியாறுகளையும் காற்றையும் கடலடி வண்டலையும் அங்கிருந்து ஆராய்கிறார்கள்.

ஹிமாத்ரி இருக்கும் ஊரின் பெயர் நி-ஆலசுன். அதுவும் ஒரு காலத்தில் சுரங்க ஊர்தான். 1962 நவம்பரில் அங்கே சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தது. 21 தொழிலாளிகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிறகு அந்த ஊர் ஆராய்ச்சி ஊரானது. அங்கே ஆய்வு செய்யப் போகிறவர்கள் தங்குவது சுரங்கத் தொழிலாளிகள் உண்டாக்கிய ஊரில்தான் என்பதை மறக்கக் கூடாது.

காலடித் தடம் இருந்த சுரங்கத்துக்கு 7ஆம் எண் சுரங்கம் என்று பெயர். நிலக்கரியை எரித்தால் வரும் புகை உலகைச் சூடாக்குகிறது. லாங்யியர்பியன் ஊருக்கு மின்சாரம் தந்த நிலக்கரி நிலையம் 2023இல் நிறுத்தப்பட்டது. 2025இல் 7ஆம் எண் சுரங்கமும் மூடப்பட்டது. ஸ்வால்பார்டில் நார்வே நடத்திய கடைசிச் சுரங்கம் அது.

சுரங்கம் போனாலும் மாணவர்களுக்கு வேலை குறையவில்லை. கரி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சுரங்கக்காரர்கள் மலையில் ஆழமாகத் துளை போட்டிருந்தார்கள். துளையிலிருந்து வந்த நீண்ட கல் உருளைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்து, மேலிருந்து கீழாக, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அளந்து எழுதுகிறார்கள்.