பிரசவ அறைக்குள் ஒரு துணை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், தம்பி. மனைவிக்கு எட்டாம் மாதம் என்கிறீர்கள். லேபர் வார்டு கதவு வரைதான் நாம் போக முடியும், அதற்குமேல் அவர் தனியாகத்தான் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. பிரசவ நேரத்தில் சொந்தக்காரப் பெண் ஒருவர் கூடவே இருக்கலாம் என்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே ஏற்பாடு வந்துவிட்டது. மத்திய சுகாதாரத் துறை 2016-ல் நாடு முழுவதற்கும் சொன்னது.

வெறும் ஆறுதலுக்காக இல்லை இது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் தடைப்படும். வலி இழுத்துக்கொண்டே போகும். குவாத்தமாலாவில் செய்த ஓர் ஆய்வு 1980-ல் வெளியானது. சிக்கலில்லாத பிரசவங்களில், தனியாகக் கிடந்த பெண்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம். அந்தத் துணை யார் என்கிறீர்கள்? முன்பின் பார்த்திராத, மருத்துவம் படிக்காத ஒரு பெண். முதுகைத் தேய்த்துவிட்டார், கையைப் பிடித்துக்கொண்டார், பேச்சுக் கொடுத்தார். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. பிறகு 17 நாடுகளில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. துணை இருந்தால் சிசேரியனும் குறைகிறது என்று அதில் தெரிந்தது.

யாரை அனுப்புவது என்பதில்தான் வீடுகளில் தடுமாறுகிறார்கள். அம்மாவா, மாமியாரா என்று பெரியவர்கள் மரியாதை பார்த்து முடிவெடுக்கிறார்கள். உங்கள் மனைவியையே கேளுங்கள். அக்கா என்றால் அக்காவே போகட்டும். உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் அப்படித்தான் சொன்னது: பிரசவிக்கிற பெண் விரும்பும் துணை. பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், பாதியில் எழுந்து வரக் கூடாது, சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. மற்ற பெண்களுக்கு மறைப்பு இருக்கும் இடமென்றால் நீங்களே போகலாம். ஒரே அறையில் நாலைந்து பேர் வலியில் கிடந்தால் ஆண்களை நிறுத்துவது நியாயம்தான்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே நர்ஸிடம் பெயரைச் சொல்லிவையுங்கள். "கூட்டம் அதிகம், யாரையும் விட முடியாது" என்றால், டூட்டி டாக்டரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். கூட்டமான வார்டில்தான் துணை அதிகம் தேவை. ஒரு நர்ஸ் எல்லாக் கட்டிலுக்கும் ஓட முடியாது. உதிரம் கூடுதலாகப் போனால் உடனே கூப்பிடக் கட்டிலருகே ஓர் ஆள் வேண்டும்.