சென்சார் தேதிதான் கணக்கு

கட்டுமாவடியில் மீன் ஏலம் முடிந்த நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடையில் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். "அண்ணே, 'கடைசி விவசாயி' 2022-லதானே தியேட்டருக்கு வந்துச்சு? அதுக்கு எப்படி 2021-க்கான தேசிய விருது?"

நியாயமான கேள்வி. படம் ரிலீஸான நாளைத் தேசிய விருதுக்குப் பார்ப்பதில்லை, சென்சார் சான்றிதழின் தேதியைத்தான் பார்ப்பார்கள். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள் எந்த வருடம் சான்றிதழ் வாங்கியதோ, அந்த வருடக் கணக்கில் படம் சேரும். படத்தின் இயக்குநர் மணிகண்டன் அதை 2021-லேயே வாங்கிவிட்டார். படம் திரைக்கு வந்தது 2022 பிப்ரவரியில், விருது அறிவித்தது 2023 ஆகஸ்டில்.

"அவங்களாவே பாத்துக் குடுப்பாங்களா?"

இல்லை தம்பி, தயாரிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். அனுப்பாத படம் எவ்வளவு நல்ல படமானாலும் போட்டியில் இல்லை. வந்த படங்களை முதலில் வட்டாரக் குழுக்கள் சலிக்கும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒரே குழு. அதில் தேறியவை டெல்லியில் மத்தியக் குழுவுக்குப் போகும். 'கடைசி விவசாயி' வாங்கியது சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது. எல்லா மொழிகளோடும் மோதி வாங்குகிற சிறந்த படத்துக்கான விருது வேறு. 1954-இல் தொடங்கிய தேசிய விருதுகளில் தமிழுக்கு அது கிடைத்தது மூன்றே முறை: மறுபக்கம், காஞ்சிவரம், சூரரைப் போற்று.

"அந்தத் தாத்தாவுக்கு?"

படத்தின் நாயகனாக நடித்த நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதற்குப் பதக்கமும் கிடையாது, பணமும் கிடையாது, சான்றிதழ் மட்டும். நடிப்பு அவர் தொழிலே அல்ல, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. காது சரியாகக் கேட்காத மாயாண்டியாக, மயிலைக் கொன்றதாகப் பொய் வழக்கில் கோர்ட்டில் நிற்பார். அப்போதும் அவர் கவலையெல்லாம் வயலில் நிற்கிற பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்பதுதான். குரலை உயர்த்த மாட்டார், முகம் கோணமாட்டார். தினமும் வயலுக்குப் போகிறவனுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றாது என்று நாம் நம்பிவிடுகிறோம். படம் வெளிவரும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அந்த ஆண்டு சிறந்த நடிகர் விருது 'புஷ்பா'வுக்காக அல்லு அர்ஜுனுக்குப் போனது. பெரிய உழைப்பு, குறை சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால், அதை நல்லாண்டிக்குத்தான் கொடுத்திருப்பேன்.