எம்பிஏ முடிச்சாச்சா? ஒரகடம் கேட்டுக்கு வாங்க!

"மார்க்கெட்டிங் படிச்சுட்டு கடைசியில சேல்ஸுக்கா போற?"

ரிசல்ட் வந்த கையோடு வீட்டில் விழும் கேள்வி இது. பிராண்ட், விளம்பரம், ஏசி அறை என்று கனவு கண்டவருக்கு வந்திருக்கும் ஆஃபர் லெட்டரில் 'சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஏரியா' என்று இருக்கிறது. முகம் வாட வேண்டாம்! அந்த ஏரியாவுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். வாருங்கள், கூட்டிப் போகிறேன்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு பெரிய ஆலையைச் சுற்றியும் அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள். அந்தக் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள். எல்லோருக்கும் கட்டிங் டூல், கூலன்ட், கையுறை, அட்டைப்பெட்டி, லேபிள் எல்லாம் தினமும் வேண்டும். இதற்கெல்லாம் டிவியில் விளம்பரம் வராது. யாராவது பையை மாட்டிக்கொண்டு நேரில் போய்த்தான் விற்க வேண்டும். அங்கேதான் நம் பட்டதாரி நுழைகிறார்!

கேட்டிலேயே முதல் பாடம்

1972-ல் ஃப்ரெடரிக் வெப்ஸ்டர், யோரம் விண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறுவனங்கள் பொருள் வாங்கும்போது ஒரே ஆள் முடிவு செய்வதில்லை. பயன்படுத்துபவர், கருத்துச் சொல்பவர், வாங்குபவர், முடிவெடுப்பவர், வாசல் காப்பவர் என்று ஐந்து பாத்திரங்கள் உண்டு என்றார்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தப் பட்டியல் இங்கே ரத்தமும் சதையுமாக நடமாடுகிறது!

வாசல் காப்பவர் நிஜமாகவே வாசலில் இருக்கிறார். "யாரைப் பார்க்கணும் தம்பி? அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" ரிஜிஸ்டரில் பெயர், வண்டி நம்பர்; போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர். சேஃப்டி ஷூ இல்லாவிட்டால் ஷாப் ஃப்ளோரில் கால் வைக்க முடியாது. "வணக்கம்ண்ணே, டிபன் ஆச்சா?" என்று மனசாரக் கேட்பவருக்கு, பர்ச்சேஸ் சார் இன்றைக்கு லீவு என்ற சேதி இங்கேயே கிடைத்துவிடும். அரை நாள் மிச்சம்!

இருநூறாவது பீஸ்

உள்ளே மெஷின் ஓட்டும் அண்ணன்தான் பயன்படுத்துபவர். உலோகம் வெட்டும் புது இன்சர்ட்டை அவர் மெஷினில் மாட்டி 'ட்ரையல்' போடும் நேரம் இருக்கிறதே, அப்பப்பா! உதாரணத்துக்கு, பழைய இன்சர்ட் 400 ரூபாய், 100 பீஸ் வெட்டும். நம்முடையது 600 ரூபாய். "விலை ஜாஸ்திப்பா" என்பார்கள். ஆனால் அது 200 பீஸ் வெட்டிவிட்டால்? பீஸுக்கு 4 ரூபாயாக இருந்த செலவு 3 ரூபாய்க்கு இறங்குகிறது! 198, 199 என்று எண்ணும்போது நெஞ்சு படபடக்கும். 'மதிப்பு' என்று பாடத்தில் படித்தது கண்ணெதிரே சூடாக வந்து விழுகிறது.

அதோடு முடியவில்லை. குவாலிட்டி மேடமும் புரொடக்‌ஷன் இன்ஜினியரும் கருத்துச் சொல்பவர்கள். அளவு பிசகவில்லை என்று அவர்களுக்குத் திருப்தி வர வேண்டும். வாங்குபவரான பர்ச்சேஸ் சாருக்கு ரேட். முடிவெடுக்கும் பிளான்ட் ஹெட்டுக்கு ஒரே கவலை, லைன் நிற்கக் கூடாது. பொருள் ஒன்றுதான், அதை நான்கு தரப்பிடம் நான்கு விதமாகச் சொல்ல வேண்டும், நான்கும் உண்மையாக இருக்க வேண்டும். மார்க்கெட்டிங் என்றால் இதுதானே!

பர்ச்சேஸ் ஆர்டர் வந்த அன்று கொண்டாடலாம், ஆனால் பணம் வரும்வரை விற்பனை முடிவதில்லை. சிறு உற்பத்தி நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தக் கூடாது என்கிறது 2006-ன் எம்எஸ்எம்இ சட்டம். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, உறவும் கெடாமல் அக்கவுன்ட்ஸில் பேசத் தெரிவது தனிக் கலை.

இந்த ஏரியா சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கக் கூடாது என்பதை இதைவிட உரக்க எந்தப் பாடநூல் சொல்லும்?

சந்தோஷங்களும் குறைவில்லை! ஆயுத பூஜை சமயத்தில் வந்து பாருங்கள். நீங்கள் விற்ற டூல் ஓடும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. "வாப்பா, பொரி எடுத்துக்கோ" என்று அதே மெஷின் அண்ணன் கூப்பிடுவார். அன்றைக்கு நீங்கள் அந்த இடத்துக்கு வெளியாள் இல்லை.

யாருக்குப் பொருந்தும்?

மனிதர்களைப் பார்த்தால் கேள்வி கேட்கத் தோன்றுகிறவருக்குப் பொருந்தும். வளவளவென்று பேசத் தெரியாதவரும் தயங்க வேண்டாம்; இங்கே காது கொடுத்துக் கேட்பவரே ஜெயிக்கிறார். வெயிலும், ரிசப்ஷனில் காத்திருப்பதும், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்ற பதிலும் உங்களை உள்ளுக்குள் நொறுக்கிவிடும் என்றால், மார்க்கெட் ரிசர்ச், டிஜிட்டல் என்று வேறு நல்ல வாசல்கள் இருக்கின்றன. அதில் எந்தக் குறைவும் இல்லை.

சேரும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு? பெட்ரோல் செலவு யார் தருவார்கள்? முதல் ஆறு மாத டார்கெட் என்ன? பொருளைப் பற்றி யார் சொல்லிக் கொடுப்பார்கள்? டெபாசிட் கட்டச் சொன்னாலோ ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றாலோ, உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல இடம் அமைந்தால் துணிந்து சேருங்கள். நாளை பிராண்ட் மேனேஜராகி ஒரு பிரோஷர் எழுத உட்காரும்போது, அதை எந்த நாற்காலியில் இருப்பவர் படிப்பார், எந்த வரியில் நிறுத்தி விலை கேட்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிவை ஒரகடம் சம்பளமும் கொடுத்துக் கற்றுத் தருகிறது!